இடது பக்கத்துக் கல்

கோயில் விருந்தில் இலை போட்டு உட்கார்ந்தால் போதும், நம் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் அந்த முதல் பந்தாட்டக் கோப்பை ஞாபகம் வந்துவிடுகிறது. ஆளுக்கொரு கதை. மழையால் ஜெயித்தோம் என்கிறார் ஒருவர். எதிராளிகளுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது என்கிறார் இன்னொருவர். அம்மனே நேரில் வந்து பந்தைத் தட்டிவிட்டாள் என்று அடித்துப் பேசுகிறவரும் நம்மில் உண்டு. அன்றைக்கு அவர் தொட்டிலில் கிடந்தார் என்பதை மரியாதைக்காக நான் சபையில் சொல்லவில்லை. நான் அங்கே இருந்தேன். கோல் கம்பத்துக்குப் பின்னால் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆகையால் இந்தக் கதையை நான் சொல்வதுதான் நியாயம். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

முதலில் திடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைக்கு நம் பேரப்பிள்ளைகள் ஓடுகிற அந்தத் திடல் அப்போது எங்கள் கரும்புக்காடு. ஒரு அர்ப்பான் நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர். எஸ்டேட்காரர்கள் தங்களுக்கு உதவாத கல்லாங்காட்டைத் துண்டு துண்டாக விற்றபோது அம்மாவின் கழுத்திலும் காதிலும் இருந்ததைப் போட்டு வாங்கியது. வாங்கின பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. மண்ணைத் தோண்டினால் கல், கல்லுக்குக் கீழே இன்னொரு கல். கல்யாணமாகி வந்த புதிதில் அம்மா விடியற்காலையில் எஸ்டேட்டில் களை பிடுங்கப் போவாள், திரும்பி வந்து இருட்டும்வரை இந்த நிலத்தில் கல் பொறுக்குவாள். திடலுக்கு இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர் மாதிரி கற்குவியல் இருக்கிறதே, நீங்கள் ஏறி உட்கார்ந்து கூச்சல் போடுகிற குவியல், அது அம்மாவின் இடுப்பில் வந்தது. என்னை வயிற்றில் சுமந்தபோதும் கல் சுமந்தாளாம். இதை அவள் பெருமையாகவும் சொல்ல மாட்டாள், குறையாகவும் சொல்ல மாட்டாள். சும்மா சொல்வாள்.

அப்பாவுக்கு ஒரே ஒரு பைத்தியம், பந்து. மற்றபடி குடி கிடையாது, சூது கிடையாது. பழைய கரும்புக் கட்டைகளைத் தோண்டி எறிந்துவிட்டுப் புதுக் கரணை நடுவதற்காக நிலத்தை வெறுமனே போட்டிருந்த சமயம் அது. எங்கள் ஊர் வாலிபர்கள் அதுவரை எஸ்டேட் வண்டி நிறுத்துகிற முற்றத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கங்காணி வேலை பார்த்த சர்தார் வந்து பிரம்பை ஓங்கினால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒருநாள் அப்பா அவர்களை அழைத்துவந்து வெற்று நிலத்தில் விட்டார்.

“யாரும் துரத்த மாட்டான். இது நம்ம மண்ணு. அலே, போங்க, ஆடுங்க,” என்றார்.

அன்று மாலையே மூங்கில் நட்டு கோல் கம்பம் நின்றுவிட்டது. ஒரு பக்கத்துக்கு மட்டும் மீன்வலை கிடைத்தது. அந்த வருஷம் கரணை நடவில்லை. அடுத்த வருஷமும் நடவில்லை. அம்மா அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு இருந்தாள். மூன்றாம் வருஷம் தொடங்கியதும் கோயில் வாசலில் பூசாரியை வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

“நான் பொறுக்கின கல்லுக்கு நடுவுல இவங்க காத்தை உதைச்சிக்கிட்டு இருக்காங்க. இந்த வருஷம் கோப்பை வந்தா நிலம் பந்துக்கு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். வரலைன்னா கரும்புக்கு. அப்புறம் இவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது.”

பூசாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா கற்பூரத் தட்டைப் பார்த்தார். பிறகு தட்டில் கை வைத்துவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். அம்மா முன்னால் நடந்தாள்.

அந்தப் பந்தை இன்றைக்கு உங்களிடம் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும். பழுப்புத் தோல், வயிற்றில் வாய் மாதிரி ஒரு கீறல், அதைச் செருப்புக் கயிறு போலக் கட்டி மூட வேண்டும். தலையால் முட்டினால் அந்தக் கட்டு நெற்றியில் அச்சாகப் பதியும். ஆட்டம் முடிந்ததும் அப்பா அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். என் தலைக்குத் தடவும்போது “கொஞ்சமா ஊத்து, தீர்ந்துரும்” என்பவர் பந்துக்கு மட்டும் உள்ளங்கை வழிய ஊற்றுவார். மழையில் நனைந்தால் அது பூசணிக்காய் கனம் கனக்கும். விசில் வாங்க வழியில்லை. ஊரில் கரும்பு வண்டிக்காரர் ஒருவர் தன் மாட்டின் கழுத்து மணியைக் கொடுத்திருந்தார், தப்பு செய்தால் அப்பா அதை ஆட்டுவார். அந்த மணி எங்கே போயிற்றென்று தெரியவில்லை, ஆனால் சத்தம் என் காதில் இருக்கிறது.

அந்த வண்டிக்காரர்தான் எங்கள் இடது கோடி ஆட்டக்காரர். கரும்பு வண்டிக்குப் பக்கத்தில் ஓடி ஓடிக் கால் இரண்டும் கம்பியாகிவிட்டிருந்தன. கோல் காத்தவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தவர். ஆறடிக்கு மேலே வளர்த்தி. சமையல்கட்டு நிலைப்படியில் தினமும் தலையை இடித்துக்கொண்டு, தினமும் நிலைப்படியைத் திட்டுவார்.

திடலில் கல் முழுக்கப் போய்விடவில்லை. அங்கங்கே முனை தலைநீட்டும். வலை கட்டிய கோலுக்கு முன்னால், மாமா நிற்கும் இடத்துக்கு இடது பக்கத்தில், ஒரு பெரிய கல் மாட்டுத் தலை அளவுக்கு வெளியே தெரியும். உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அதைப் பிடுங்கிவிடலாம் என்று ஆட்டக்காரர்கள் சொன்னபோதெல்லாம் அப்பா கையை ஆட்டி மறுத்துவிடுவார்.

“கல்லு இருக்கட்டும். கல்லைப் பார்த்து ஆடுறவன் எங்க போனாலும் ஆடுவான்.”

இந்தத் தத்துவத்தில் அவருக்கு அபார நம்பிக்கை. முக்கால்வாசி அது சரியாகவும் இருந்தது, அதுதான் விஷயம்.

கோப்பை நடத்திய சங்கத்தார் எங்கள் திடலை வந்து பார்த்துவிட்டு, இதில் ஆடினால் கால் முறியும் என்று சொல்லிப் போய்விட்டார்கள். ஆகையால் எல்லா ஆட்டமும் வெளியூரில். முதல் ஆட்டம் மோகாவில், குளிர் தூறலில் தோற்றுத் திரும்பினோம், நல்லவேளை ஒரு தோல்விக்கெல்லாம் வெளியே தள்ளுகிற முறை அப்போது இல்லை. அம்மா அன்றைக்குக் கரணை விலை விசாரித்தாள். அதற்கப்புறம்தான் வந்தது மாற்றம். பாம்பூவில் திடல் தோசைக்கல் மாதிரி சமமாக இருந்ததாம். கல்லுக்குப் பயந்து பந்தைக் காலோடு ஒட்டவைத்து ஓடிப் பழகிய நம் ஆட்கள், கல்லே இல்லாத இடத்தில் பறந்திருக்கிறார்கள். வண்டிக்காரரைப் பிடிக்க ஆளில்லை. அதன்பிறகு எந்த எஸ்டேட் அணி வந்தாலும் அடிதான். வெறுங்காலோடு போய், பூட்ஸ் போட்டவர்களை உட்காரவைத்துவிட்டு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயிலடிப் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் கேட்டால் ஜெயித்துவிட்டார்கள் என்று அர்த்தம். அம்மா அடுப்பை ஊதுவாள். கொஞ்சம் பலமாகவே ஊதுவாள்.

ஃப்ளாக்கில் நடந்த அரையிறுதியிலும் ஜெயித்தார்கள். இனி தலைநகர் போர்ட் லூயியில் இறுதி ஆட்டம் ஒன்றுதான் பாக்கி. எதிரே துறைமுக அணி. பந்தாடுவதற்காகவே ஆட்களைத் தேடிப் பிடித்து, பேருக்கு ஒரு வேலை கொடுத்து வைத்திருந்த அணி அது. கோப்பை பல வருஷமாக அவர்கள் அலமாரியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

ஆடி மாதம். தெற்கே கிடக்கிற நம் தீவில் ஆடி என்றால் குளிர், கரும்பு வெள்ளிப் பூ விட்டு ஆடுகிற காலம், அம்மன் திருவிழா. அரையிறுதியில் ஜெயித்த உற்சாகத்தில் ஆட்டக்காரர்கள் நேராகக் கோயிலுக்குப் போனார்கள். பதினொரு பேருக்கும் பூசாரி காப்புக் கட்டினார். மைதா மாவு மூட்டையில் தைத்த அவர்கள் சட்டைகளைப் பெண்கள் மஞ்சளில் முக்கி எடுத்தார்கள். மாமாவின் முதுகில் சீனக் கடைக்காரர் விற்ற மாவின் முத்திரை மஞ்சளுக்குள்ளேயும் தெரிந்தது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, உடம்பில் மஞ்சள் சட்டை, நெற்றியில் திருநீறு. பார்க்கக் கண் போதவில்லை. ஊரே நின்று கும்பிட்டது.

மறுநாள் நான் எண்ணெய் வாங்கக் கடைக்குப் போனபோது மாமாவும் கூட வந்தார். சீனக் கடைக்காரர் நம்மோடு பழகிப் பழகி நம் பேச்சும் பழக்கமும் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர். மாமாவின் கையைப் பார்த்தார்.

“காப்பு கட்டியாச்சா?”

“ஆமா, கட்டியாச்சு.”

“காப்பு கட்டினா ஊர் எல்லை தாண்டக் கூடாதில்ல?”

“கூடாது.”

“ஆட்டம் போர்ட் லூயில இல்ல?”

மாமா என் கையைப் பிடித்து இழுத்தார். எண்ணெய் வாங்காமலே திரும்பினோம்.

நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள். ஒரு ஊர் முழுக்கக் கூடி நின்று பார்த்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதற்குக் காரணமும் இருக்கிறது. எந்த வருஷமும் ஆடி வருவதற்குள் நாம் தோற்று வீட்டுக்கு வந்துவிடுவோம். திருவிழாவும் இறுதி ஆட்டமும் ஒன்றோடொன்று முட்டும் என்று யார் கண்டார்கள்? திருவிழா முடியுமுன்னே வருகிற ஞாயிறு ஆட்டம். தேதியை மாற்றச் சங்கத்தார் ஒப்பவில்லை. வரவில்லையென்றால் கோப்பை துறைமுகத்துக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

கோயிலில் கூட்டம் போட்டார்கள். காப்பை அறுத்துவிடலாம் என்றார் அப்பா. அதைச் சொன்ன வேகத்தில் அவரே கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆட்டக்காரர்களுக்கு முகம் செத்துவிட்டது.

“அறுத்துட்டு ஆடினா மனசு ஒட்டாது அத்தான். பந்து நிக்காது,” என்றார் மாமா.

“எல்லை தாண்டினா மட்டும் நிக்குமா?” என்றார் வண்டிக்காரர்.

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். வெகுநேரம் யோசித்ததைப் பார்த்தால் தூங்கிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். அப்பா மட்டும் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தபடியே இருந்தார். அவர் பார்வை எனக்குப் புரிந்தது. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். ஆட்டம் இல்லை, கோப்பை இல்லை, நிலம் அவளுக்கு.

அந்த வருஷம் கரகம் எடுக்கும் முறை அம்மாவுடையது. நம் ஊரில் பெண்கள் முறைவைத்து எடுப்பது உங்களுக்கே தெரியும். அவள் கையிலும் காப்பு இருந்தது. தன் கயிற்றைச் சுற்றிச் சுற்றித் திருகிக்கொண்டிருந்தவள் பூசாரியைப் பார்த்துக் கேட்டாள்.

“கரகம் ஜோடிக்க ஆத்துக்குப் போறோமே, ஆறு எல்லைக்கு உள்ளயா இருக்கு?”

பூசாரி கண்ணைத் திறந்தார். “வெளியதான் இருக்கு.”

“காப்புக் கட்டினவங்கதானே போறோம்?”

“அம்மன் முன்னால போறா. அவ பின்னால போறீங்க. அது தாண்டினதா ஆகாது.”

“அப்ப போர்ட் லூயிக்கும் அவளே முன்னால போகட்டும். நான் தூக்கிட்டு வர்றேன்.”

அப்பா எழுந்து அவள் பக்கமாக வந்தார். “நெலம்…” என்றார்.

“ஆடித் தோத்துட்டுக் கொடுங்க. வாங்கிக்கிறேன். ஆடாமக் கொடுத்தா எனக்கு வேண்டாம்.”

அப்பா அவளை அத்தனை வருஷமும் பந்துக்கு எதிரி என்றே நினைத்திருந்தார். நாங்கள் எல்லாரும்தான்.

ஞாயிறு விடியலில் ஃப்ளாக்கில் ரயிலேறினோம். முதலில் அம்மா, தலையில் கரகம், வேப்பிலையும் செவ்வந்தியும் மஞ்சள் தண்ணீரும் மணக்க. பின்னால் மஞ்சள் சட்டையில் பதினொரு பேர். அதற்குப் பின்னால் பூசாரி, உடுக்கை, ஊர் பாதி. டிக்கெட் வாங்குகிறவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். கரகத்தை வெறும் தரையில் வைக்கக் கூடாது, ஊர் திரும்பிக் கோயிலில்தான் இறக்க வேண்டும். ரயில் குலுங்கிய குலுக்கலில் அம்மா ஒரு கையால் கரகத்தையும் ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் பிடித்தபடி நின்றுகொண்டே வந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெளியே கரும்புப் பூ ஓடிக்கொண்டிருந்தது. நான் அவள் முந்தானையை விடவில்லை.

போர்ட் லூயியில் மலைகளுக்கு நடுவே அந்தப் பெரிய திடல். அவ்வளவு புல்லை ஒரே இடத்தில் நான் அதற்குமுன் பார்த்ததில்லை. வாசலில் தொப்பி போட்ட சங்கத்துக்காரர் கரகத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கோப்பையை நாங்களே செய்து எடுத்துவந்திருக்கிறோமா என்று கிரியோலில் கேட்டார். அப்பா சளைக்கவில்லை. இது எங்களுடையது, உங்களுடையதையும் எடுத்துப் போகத்தான் வந்தோம் என்றார்.

அம்மா போய் மாமாவின் கோலுக்குப் பின்னால் நின்றாள். அவள் அதுவரை ஒரு முழு ஆட்டம் பார்த்ததில்லை. பார்வையாளர்கள் கரகத்தைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். துறைமுக ஆட்கள் வெள்ளைச் சட்டையும் பூட்ஸுமாக இறங்கினார்கள், ஓடினால் தரை அதிர்ந்தது. பந்தைக் கண்ணால் தொடர்வதே கஷ்டமாக இருந்தது. மாமா வலது பக்கம் விழுந்து விழுந்து பிடித்தார். ஒரு பந்து இடது பக்கமாக வந்தது. மாமா நின்ற இடத்திலிருந்து கையை மட்டும் நீட்டினார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. இன்னொன்றும் அதே பக்கம், அதே மாதிரி, நூலிழையில் தப்பியது. அப்பா கோட்டோரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இடைவேளைக்கு அணிகள் பக்கம் மாறின. மாமா எதிர்க் கோலுக்கு நடந்தார். அம்மனும் மாற வேண்டுமே. அம்மா கரகத்தோடு திடலைச் சுற்றி நடந்தாள், உடுக்கைச் சத்தம் பின்னால் வந்தது. சிரித்துக்கொண்டிருந்த நகரத்துக் கூட்டம் அவள் கடந்து போகும்போது ஒவ்வொருவராகத் தொப்பியைக் கழற்றியது. ஏன் கழற்றினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

மாமா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா தலையைத் திருப்பாமல் கேட்டாள்.

“இடது பக்கம் ஏன்டா விழ மாட்டேங்கிற?”

“விழறேனேக்கா.”

“விழல. நான் பின்னாலேருந்து பார்க்கிறேன். வலது பக்கம் மீனாட்டம் பாயிற. இடது பக்கம் வந்தா மரமாட்டம் நிக்கிற.”

மாமா செம்பைக் கீழே வைத்தார். அப்புறம் பச்சைப்பிள்ளை மாதிரி மெதுவாகச் சொன்னார். “நம்ம திடல்ல அந்தப் பக்கம் கல்லு இருக்குக்கா. ஒருதரம் விழுந்து விலா போச்சு. அதுலேருந்து உடம்பு போக மாட்டேங்குது.”

“யாருகிட்டயாவது சொன்னியா?”

“அத்தான் கல்லு இருக்கட்டும்னாரே.”

அம்மா கால் கட்டைவிரலால் புல்லை அழுத்திப் பார்த்தாள். இங்கே ஒன்று, அங்கே ஒன்று. கோல் கம்பத்திலிருந்து கம்பம்வரை கரகத்தைச் சுமந்தபடி வெறுங்காலால் மண்ணை மிதித்துக்கொண்டே நடந்துவிட்டு வந்தாள்.

“கல்லு எங்க இருக்கும், எங்க இருக்காதுன்னு எனக்குத் தெரியும். இங்க ஒரு கல்லும் இல்ல. விழுடா.”

இரண்டாம் பாதியில் தூறல் பிடித்தது. மஞ்சள் கரைந்து சட்டையிலிருந்து ஒழுகி, மோதின இடமெல்லாம் துறைமுக ஆட்களின் வெள்ளைச் சட்டையிலும் ஒட்டியது. கடைசியில் யார் எந்த அணி என்று சொல்ல முடியாத அளவுக்கு எல்லாரும் அம்மன் பிள்ளைகளாகிவிட்டார்கள். ஈரப் புல்லில் பூட்ஸ்காரர்கள் வழுக்கினார்கள். நம் ஆட்கள் கால்விரலை ஊன்றி ஓடினார்கள். வண்டிக்காரர் இடது கோடியில் பந்தை வாங்கினார். ஒருவரைத் தாண்டினார், இன்னொருவரைத் தாண்டினார், இல்லாத கல்லுக்கெல்லாம் வளைந்து கொடுத்துக்கொண்டே போய் உள்ளே அடித்தார். அப்பா பூசாரியைத் தூக்கிச் சுற்றினார்.

அதற்கப்புறம் துறைமுகம் முழுக்க எங்கள் கோல் முன்னால்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு திறந்தபோது அவர்களில் பெரிய ஆள் ஒருவன் தனியாக நின்றான், பந்து அவன் காலில். அடித்தான். இடது பக்கம், தரையோடு.

மாமா விழுந்தார். அந்த ஆறடி உடம்பு மொத்தமும் நீண்டு போய் விழுந்த சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கிறது. எழுந்தபோது பந்து அவர் நெஞ்சுக்கு அடியில் இருந்தது. மாமா பந்தைப் பார்க்கவில்லை, தன் விலாவைத் தடவிப் பார்த்தார். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கடைசி விசில் அடித்தது எனக்குக் கேட்கவே இல்லை.

ஆக, அம்மன் வந்து தட்டிவிட்டாள் என்கிறவருக்கு இதுதான் என் பதில். வந்தாள், ஆனால் தட்டியது மாமாவின் கை.

திரும்பி வந்து கோயிலில் கரகத்தை இறக்கியபோது அம்மாவால் கையை மடக்க முடியவில்லை. நானும் பூசாரி மனைவியும் எண்ணெய் தேய்த்தோம். பூசாரி கோப்பைக்கும் குங்குமம் வைத்துக் கரகத்துக்குப் பக்கத்தில் வைத்தார். ஊர் ஆடிப்பாடியது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. நிலம் போனதில் அவளுக்கு வருத்தம் என்று அப்பா நினைத்தார். “ரெண்டு நாள் விடு, சரியாயிரும்,” என்று மாமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் திடல் பக்கமிருந்து கடப்பாரைச் சத்தம் கேட்டது. அப்பா பாதி முகம் மழித்தபடி ஓடினார், பின்னால் மாமா, பின்னால் நான். அம்மா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு தோண்டிக்கொண்டிருந்தாள். அவள் கரணை நடக் குழி போடுகிறாள் என்றுதான் அப்பா நினைத்திருக்க வேண்டும்.

“கோப்பை வந்திருச்சே!” என்று கத்தினார்.

அம்மா நிமிர்ந்து நெற்றியைத் துடைத்தாள். அவள் காலடியில் கோலுக்கு இடது பக்கத்து அந்தக் கல், பாதி வெளியே வந்துகொண்டிருந்தது.

“வந்திருச்சில்ல? அப்ப அடுத்த வருஷமும் வரணும். எந்தம்பி விழுற இடத்துல கல்லை விட்டுவச்சிட்டுப் பேச்சு வேற. நின்னு பார்க்காம வந்து பிடிங்க!”

அப்பா நுரை முகத்தோடு இறங்கிக் கடப்பாரையைப் பிடித்தார். மாமா மறுபக்கம் பிடித்தார். கடைக்குப் போய்க்கொண்டிருந்த வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார். அது மாட்டுத் தலை அளவு இல்லை, முழு மாடே உள்ளே படுத்திருந்தது. வெயில் ஏறும்வரை எல்லாருமாக இழுத்துக் கோட்டோரம் கொண்டுபோய்ப் புரட்டினோம். குழியை மூடி மண்ணை மிதித்த பிறகு அம்மா மாமாவை அந்த இடத்தில் நிற்கவைத்து, “இப்ப விழு,” என்றாள். அவர் விழுந்தார்.

போன ஞாயிறு ஆட்டத்துக்கு நீங்கள் எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு இடம் பிடித்து உட்கார்ந்தீர்களே, கோட்டோரத்துப் பெரிய கல், அது இதுதான். அடுத்த முறை உட்காருவதற்கு முன்னால் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்காருங்கள்.